கண்டென்சரில் கல் அடித்து கேஸ் போய்விட்டது: பம்பருக்குள் வலை போடலாமா?

மாங்கனி | மே 4

வணக்கம் நண்பர்களே. வீடு தர்மபுரி, வேலை ஓசூர். வாரத்தில் ஐந்து நாள் என்.எச். 44இல் போய் வருகிறேன். கிருஷ்ணகிரி பக்கம் ஜல்லி டிப்பர்களுக்கு நடுவே ஓட்டுகிறவர்களுக்கு என் கதை புரியும்.

வண்டி பெட்ரோல் ஹேட்ச்பேக், நாலு வயது முடியப்போகிறது. மார்ச்சில் ஏசி குளிர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. வழியில் ஒரு பட்டறையில் கேஸ் குறைவு என்று சொல்லி 1,800 ரூபாய்க்கு நிரப்பினார்கள். பத்தே நாள், பழைய குருடி கதவைத் திறடி. அடுத்த பட்டறையில் பம்பரைக் கழற்றினால் கண்டென்சரின் (ஏசி கேஸைக் குளிரவைக்க வண்டி முன்னால் நிற்கும் பெட்டி) கீழ்ப்பகுதியில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை, அதில் மண் அப்பியிருக்கிறது. துடைத்துப் பார்த்தால் நடுவில் ஒரு பள்ளம். ஓட்டை கடுகளவுகூட இல்லை. கண்டென்சர், எண்ணெய், கேஸ், கூலி எல்லாம் சேர்ந்து 11,400 ரூபாய்.

புதுக் கண்டென்சர் மாட்டியாகிவிட்டது. ஆனால் பம்பரின் கீழ்வாயைக் குனிந்து பார்த்தால் வயிறு கலங்குகிறது. மேலே கிரில் ஒப்புக்குத்தான், பாதிக்கு மேல் மூடியே இருக்கிறது. காற்று போகிற வழி கீழே, அங்கே என் முழங்கையே நுழைகிறது.

கேள்வி இதுதான். உள்ளே வலை போடலாமா? போட்டால் எஞ்சின் சூடாகுமா? என்ன வலை, எவ்வளவு கண்? கொசுவலையே போதும் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன்.

நெல்லைக் காற்று | மே 4

2012 வண்டி, 1,60,000 கி.மீ. ஓட்டியிருக்கிறேன். ஒரு கல்லும் படவில்லை. வலை வேண்டும் என்றால் கம்பெனிக்காரனே போட்டிருக்க மாட்டானா? அவனுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகிறது? காற்று போகிற வழியை அடைத்துவிட்டு அப்புறம் எஞ்சின் சூடேறி ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் தலைப்பகுதியின் அடைப்பு) போச்சு என்று இன்னொரு இழை தொடங்காதீர்கள்.

ஏசி பட்டறை | மே 4

ஈரோட்டில் கார் ஏசி வேலைதான் பார்க்கிறேன். நெல்லை அண்ணன் வண்டிக்கு அடிபடவில்லை என்றால் சந்தோஷம். ஆனால் கோடையில் என்னிடம் வருகிற கேஸ் கசிவு வண்டிகளில் கண்டென்சர் ஓட்டை அதிசயம் ஒன்றும் இல்லை, சாதாரணம்.

ஏன் என்று சொல்கிறேன். அந்தக் காலத்துக் கண்டென்சரில் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகும் தடித்த குழாய் ஒன்றுதான். கல் பட்டால் நசுங்கும், அவ்வளவு சீக்கிரம் ஓட்டை விழாது. இப்போது வருவது தட்டையான அலுமினியக் குழாய்கள், வரிசையாக, ஒவ்வொன்றுக்குள்ளும் ஊசிக் கண் மாதிரி பல சின்ன வழிகள். கேஸ் குறைவாகப் போட்டாலே நன்றாகக் குளிரும், எடையும் குறைவு. பதிலுக்குக் குழாய்ச் சுவர் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. வண்டியில் காற்றுக்கு முதலில் நெஞ்சைக் காட்டி நிற்பதும் அதுதான். ரேடியேட்டர் அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறது. கண்டென்சர் மறைக்காத இடத்தில் மட்டும் ரேடியேட்டர் நேரடியாக அடி வாங்கும். டீசல் வண்டியாக இருந்தால் இன்டர்கூலர் (டர்போ காற்றைக் குளிரவைக்கும் பெட்டி) எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள், சில மாடல்களில் அது கீழே முன்னால் நிற்கும்.

உள்ளே அழுத்தமும் சும்மா இல்லை. ஆர்-134ஏ கேஸ், வண்டி நிழலில் சும்மா நிற்கும்போதே 35 டிகிரி வெயிலுக்கு 115 பிஎஸ்ஐ காட்டும். ஏசி ஓடினால் கண்டென்சர் பக்கம் 200ஐத் தாண்டும். உங்கள் டயரில் 32 பிஎஸ்ஐ. கடுகளவு ஓட்டை போதும், மொத்தமும் காலி. சின்ன காருக்குள் இருப்பதே அரைக் கிலோ கேஸ்தான்.

மாங்கனி தம்பி, முதல் பட்டறையில் கேஸ் நிரப்பும் முன் வேக்கம் போட்டு (உள்ளே இருப்பதை உறிஞ்சி எடுத்து) அரைமணி நேரம் மீட்டர் முள் நகராமல் நிற்கிறதா என்று பார்த்தார்களா? நைட்ரஜன் ஏற்றிச் சோப்புத் தண்ணீர் அடித்தார்களா?

மாங்கனி | மே 4

இல்லை அண்ணே. ஒரு பாட்டில், ஒரு ஹோஸ், பத்து நிமிஷம். நானும் டீ குடித்துக்கொண்டு நின்றேன்.

ஏசி பட்டறை | மே 5

அதுதான். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் இல்லை. ஒரே மாதத்தில் குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடாமல் நிரப்பினால் காசைக் காற்றில் விட்ட கதைதான், அந்தக் கேஸ் பூமியைச் சூடாக்குகிற கணக்கு வேறு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் பலர் பெரிய செலவில் மாட்டுகிறார்கள். கேஸ் குறைந்த நிலையில் ஏசியைப் போட்டுப் போட்டுப் பார்க்காதீர்கள். கம்ப்ரசருக்கு வேண்டிய எண்ணெயைச் சுமந்து வருவதே அந்தக் கேஸ்தான். கேஸ் முழுக்கப் போய்விட்டால் பிரஷர் சென்சார் கம்ப்ரசரை ஓட விடாது, அது நல்லது. அரைகுறையாக இருக்கும்போதுதான் கம்ப்ரசர் வறண்டு ஓடித் தேயும். கண்டென்சர் போனால் ஐந்திலக்கத் தொடக்கத்தோடு முடியும், கம்ப்ரசர் போனால் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு.

ஓட்டையை அடைக்கிற டப்பா மருந்து வேண்டவே வேண்டாம். ஓட்டையை அடைக்கிறதோ இல்லையோ, எக்ஸ்பான்ஷன் வால்வை (கேஸ் அளந்து போகும் குறுகிய வழி) அடைத்துவிடும். ஆர்கான் வெல்டிங்கும் அந்தத் தட்டைக் குழாயில் நிற்காது, பக்கத்துக் குழாயும் உருகும். ஓரத்தில் இருக்கும் தடித்த பைப்பில் என்றால் வெல்டு வைக்கலாம்.

எல்லாக் கசிவும் கல் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கல் என்றால் ஃபின் (குழாய்களுக்கு நடுவே உள்ள மெல்லிய தகடு) மடங்கி, நடுவில் குழி இருக்கும். குழியே இல்லாமல் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது அரிப்பு. கடற்கரை ஊர் வண்டிகளில் பார்க்கலாம். வலை போட்டு அதைத் தடுக்க முடியாது.

அளவுகோல் | மே 5

நெல்லை நண்பர் கேட்ட கேள்வி நியாயமானது, காற்று குறையுமா? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

முதலில் கல். முன்னால் போகும் லாரியின் டயர் கல்லை நம் மேல் எறிகிறது என்று நினைக்கிறோம். உருளும் டயரின் அடிப்பகுதி, தரையைத் தொடுகிற கணத்தில், தரையோடு பார்த்தால் நின்றுகொண்டுதான் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் கல் பின்னால் பாய்வதில்லை, பெரும்பாலும் மேலே துள்ளுகிறது. அது அந்தரத்தில் இருக்கும்போது நாம்தான் போய் மோதுகிறோம். ஆகவே மோதும் வேகம் கிட்டத்தட்ட நம் ஸ்பீடோமீட்டர் காட்டுகிற வேகம்தான்.

முக்கால் அங்குல ஜல்லி ஒன்று சுமார் 20 கிராம். 100 கி.மீ. வேகத்தில் அதன் அடி 7.7 ஜூல். ஒரு கிலோ படிக்கல்லை இரண்டரை அடி உயரத்திலிருந்து போட்டால் என்ன அடியோ அது, அதுவும் கூர்முனையில். 80க்குக் குறைத்தால் 4.9 ஜூல். வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் அடி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது.

இப்போது வலை. அங்குலத்துக்கு 4 கண், 20 கேஜ் கம்பி என்று எடுத்துக்கொள்ளுங்கள். கம்பித் தடிமன் 0.9 மி.மீ., கண் ஐந்தரை மி.மீ. திறந்த பரப்பு 73 சதவீதம். நுழையக்கூடிய பெரிய கல்லே அரைக் கிராம்தான் இருக்கும், அதன் அடி முக்கால் ஜல்லியின் அடியில் நாற்பதில் ஒரு பங்கு. ஃபின் மடங்கலாம், குழாய் தப்பிக்கும்.

73 சதவீதம் திறப்பு என்றால் காற்று 27 சதவீதம் குறைகிறது என்று அர்த்தம் இல்லை. கிரில், கண்டென்சர், ரேடியேட்டர், எஞ்சின் அறை என்று வரிசையாக ஏற்கெனவே பல தடைகள் இருக்கின்றன. அதில் பெரிய தடை நெருக்கமான ஃபின்களைக் கொண்ட அந்த இரண்டு பெட்டிகள். வலை சேர்க்கிற தடை அதற்கு முன்னால் சின்னது, ஆனால் பூஜ்ஜியம் இல்லை.

கரூர்வாசி | மே 5

கொசுவலை என்றதும் எங்கள் ஊர்ப் பெயர் அடிபடும் என்று காத்திருந்தேன்! நாங்கள் நெய்கிற வலை கொசுவுக்குத்தான் சாமி, ஜல்லிக்கு இல்லை.

நான் போட்டுப் பார்த்தவன். வீட்டில் மிச்சம் கிடந்த பச்சை வலையை இரண்டு மடிப்பாக மடித்துக் கட்டினேன். நாலு மாதம் பிரமாதம். ஐப்பசியில் ஒருநாள் மழை விட்ட சாயங்காலம், திண்டுக்கல் தாண்டி ஈசல் கூட்டத்துக்குள் அரைமணி நேரம் ஓட்டினேன். ஊர் வந்து டிராஃபிக்கில் நின்றபோது டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டி நின்றது, அதற்கு முன் அது அப்படி ஏறியதே இல்லை. இறங்கிப் பார்த்தால் வலை முழுக்க ஈசல் ரொட்டி. அங்கேயே பிளேடு வாங்கி அறுத்து எறிந்தேன்.

அளவுகோல் | மே 5

கொசுவலையின் திறந்த பரப்பைக் கணக்குப் பார்த்தால் அதுவும் 65, 70 சதவீதம்தான் வரும். தாளில் பார்த்தால் கம்பி வலைக்குச் சமம். ஆனால் கண் சின்னதாக ஆக ஆகக் காற்று இழுவை கூடும், பூச்சி, பஞ்சு, பாலிதீன் துணுக்கு எல்லாம் தங்கும். கல்லைத் தாங்கும் பலமும் கிடையாது. கணக்கில் வராததை ஈசல் சொல்லிவிட்டது.

மலைக்கோட்டை | மே 6

ஒரு எச்சரிக்கை. என் வண்டியில் தானாக பிரேக் பிடிக்கிற, முன்வண்டியைப் பார்த்து வேகம் குறைக்கிற அடாஸ் இருக்கிறது. அதற்கான ரேடார் கீழ்க் கிரில்லுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பலகை மாதிரி இருக்கும். தெரியாமல் திருச்சியில் ஒரு ஆக்சசரி கடையில் எஸ்எஸ் மெஷ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை) முழுசாகப் போட்டுவிட்டார்கள். விராலிமலை தாண்டுவதற்குள் டாஷ்போர்டில் மூன்று எச்சரிக்கை விளக்கு. ரேடார் அலையை உலோக வலை மறித்துவிடும் என்பது பிறகுதான் உறைத்தது. பலகைக்கு முன்னால் சதுரமாக வெட்டி எடுத்த பிறகு சரியானது. ரேடார் எங்கே என்று ஓனர்ஸ் மேனுவலில் படம் இருக்கும், பார்த்துவிட்டுச் செய்யுங்கள். சில வண்டிகளில் கிரில்லுக்குப் பின்னால் தானாகத் திறந்து மூடும் ஷட்டர் இருக்கும், அதன் இறக்கையிலும் கம்பி இடிக்கக் கூடாது.

நெல்லைக் காற்று | மே 6

பார்த்தீர்களா! இதற்குத்தான் சொன்னேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை.

ஏசி பட்டறை | மே 6

அண்ணே, கம்பெனிக்குத் தெரியாது என்று யாரும் சொல்லவில்லை. அவர்கள் உலகம் முழுக்க ஓடுகிற வண்டிக்கு, பாலைவன வெயிலுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுகிறார்கள். காற்றுக்கு முதல் மரியாதை, கல்லுக்கு அப்புறம். சில கம்பெனிகள் சில மாடல்களில் பிளாஸ்டிக் வலையை அவர்களே போட்டும் கொடுக்கிறார்கள். உங்கள் 2012 வண்டியின் பம்பர் வாயைக் குனிந்து பாருங்கள், குறுக்கே கம்பி நெருக்கமாக இருக்கும் என்று நினைக்கிறேன். புது டிசைன்களில் அந்த வாய்தான் அகலமாகிவிட்டது.

நெல்லைக் காற்று | மே 6

பார்த்தேன். நாலு குறுக்குப் பட்டை இருக்கிறது. சரி, ஒப்புக்கொள்கிறேன். பாதி.

லாரிக்காரன் மகன் | மே 7

நாமக்கல். அப்பா முப்பது வருஷம் லாரி. எல்லோரும் டிப்பரைத் திட்டுவதால் இரண்டு வார்த்தை.

தார்ப்பாய் மூடாமல், பாடி விளிம்புக்கு மேல் குவித்துக்கொண்டு போகிறவனைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். 2019க்குப் பிறகு ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய் அபராதம், அதிகப்படியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அப்படியும் ஏற்றுகிறவன் ஏற்றுகிறான். அவனிடம் ஓட்டுகிற டிரைவர் முடியாது என்று சொன்னால் நாளைக்கு வேலை இருக்காது, அதுவும் உண்மை.

ஆனால் மூடிய லாரியிலிருந்தும் கல் வரும். குவாரிக்குள் போய் வந்த லாரியின் பின் ஜோடி டயர்களுக்கு நடுவே கல் இறுகிக்கொள்ளும். அப்பா குவாரி கேட்டைத் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டி, கடப்பாரையால் நெம்பி எடுத்துவிட்டுத்தான் ரோட்டில் ஏறுவார். அது கழன்றால் பின்னால் வருகிறவன் கண்ணாடிக்கு மட்டும் இல்லை, உயிருக்கே ஆபத்து என்பார். அவசரத்தில் எல்லோரும் அதைச் செய்வதில்லை. அதனால் குவாரி ரோடு மெயின் ரோட்டில் சேருகிற இடம் எது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டோரம் வெள்ளைப் புழுதியாக இருந்தால் அதுதான் இடம். அங்கிருந்து அடுத்த இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு எந்த லாரிக்கும் வாலாக ஓட்டாதீர்கள். தாண்டுவதானால் சீக்கிரம் தாண்டிவிடுங்கள், இல்லையென்றால் நன்றாகப் பின்தங்குங்கள். இரண்டுக்கும் நடுவே ஒட்டிக்கொண்டு வருகிறவனுக்குத்தான் அடி.

மாங்கனி | மே 7

நான் அப்படி ஒட்டிக்கொண்டு வருகிறவன்தான் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஷிப்டுக்கு நேரமாகிவிடும்.

இன்ஷூரன்ஸில் கேட்டிருக்கலாமோ என்றும் ஒரு உறுத்தல். வாரண்டியில் கேட்டதற்கு, வெளியிலிருந்து கல் பட்டதற்கு வாரண்டி கிடையாது என்று கைவிரித்துவிட்டார்கள்.

கணக்குப்பிள்ளை | மே 8

கேட்டிருக்கலாம், ஆனால் லாபம் இருந்திருக்காது. முழு காப்பீடு எடுத்திருந்தால் வெளிப்பொருள் மோதிய சேதம் அதில் வரும். ஆனால் மூன்று வயதைத் தாண்டி நாலு வயதுக்குள் இருக்கும் வண்டிக்கு உலோகப் பாகத்தில் 25 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். 1,500 சிசிக்கு உட்பட்ட வண்டிக்குக் கட்டாயக் கழிவு 1,000 ரூபாய். உங்கள் கண்டென்சர் 6,200, கூலி 1,800 என்று வைத்துக்கொண்டால் கைக்கு வருவது 5,450. கேஸ், எண்ணெய் எல்லாம் தனி ரைடர் (கூடுதல் காப்பீடு) இருந்தால்தான்.

இழப்பது என்ன? இதுவரை கிளெய்மே இல்லை என்றால் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாததற்குப் பிரீமியத்தில் தள்ளுபடி) 35 சதவீதத்தில் இருப்பீர்கள், அடுத்தது 45, அதற்கடுத்தது 50. ஒரு கிளெய்மில் அது பூஜ்ஜியம். சொந்தச் சேதப் பிரீமியம் 8,000 என்றால் அடுத்த வருஷம் 3,600, அதற்கடுத்த வருஷம் 50க்குப் பதில் 20 சதவீதம்தான் கிடைக்கும் என்பதால் இன்னொரு 2,400. இரண்டு வருஷத்திலேயே 6,000. போனஸ் பாதுகாப்பு ரைடர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். கண்டென்சரோடு ரேடியேட்டரும் பம்பரும் சேர்ந்து போனால் யோசிக்காமல் கிளெய்ம் போடுங்கள்.

மாங்கனி | ஜூன் 2

வலை போட்டாகிவிட்டது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், தேடி வருகிறவர்களுக்கு உதவும்.

தர்மபுரியில் ஹார்டுவேர் கடையில் எஸ்எஸ் 304, அங்குலத்துக்கு 4 கண், 20 கேஜ். மூன்றடிக்கு ஒன்றரை அடி, 420 ரூபாய். முதலில் ஆக்சசரி கடையில் வைரக் கண் அலுமினிய வலையைப் பார்த்தேன், பார்க்க அழகு, விரலால் அழுத்தினாலே வளைந்தது. கோழி வலையும் வேண்டாம் என்று விட்டேன், கண் பெரிசு.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் கண்டென்சர் மேலேயே வலையைப் படியவைத்து, ஃபின் இடுக்கில் கேபிள் டை கோத்துக் கட்டியிருக்கிறார். ஏசி பட்டறை அண்ணனிடம் தனியாகக் கேட்டேன், பதறிவிட்டார். அதிர்வில் எஃகு கம்பி அலுமினியத்தை அரம் மாதிரி தேய்க்குமாம். இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டு மழை நீர் பட்டால் அலுமினியம்தான் அரித்துப் போகுமாம். கல் பட்டாலும் வலை குழிந்து கண்டென்சரிலேயே இடிக்கும். அதனால் பம்பரைக் கழற்றி, வாயின் உள்விளிம்பில் பிளாஸ்டிக் சட்டத்தோடு கட்டினேன். கண்டென்சருக்கும் வலைக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி இருக்கிறது.

முதலில் அட்டையில் மாதிரி வெட்டிக்கொண்டேன். வெட்டிய கம்பி முனைகள் கையைக் கிழித்தன, கையுறை போடுங்கள். ஓரத்தை அரை அங்குலம் மடித்து ரப்பர் பீடிங் மாட்டினேன். வெயிலைத் தாங்கும் கறுப்பு கேபிள் டை பதினாறு. கறுப்பு ஸ்ப்ரே ஒரே கோட், அதற்கு மேல் அடித்தால் கண் அடைபடுகிறது. வெளி வெப்பநிலை சென்சாரும் டோ ஹூக் துவாரமும் வலைக்கு வெளியே இருக்கும்படி பார்த்துக்கொண்டேன்.

சூடு பற்றி. ஓபிடி கருவி (வண்டிக் கம்ப்யூட்டரின் அளவுகளைக் காட்டுவது) ஒன்றை மாட்டி, வலை போடும் முன் ஒரு ஞாயிறு, போட்ட பின் ஒரு ஞாயிறு, நாலு பேரோடு ஏசி ஓட ஏற்காடு ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவு, இரண்டாவது கியர். கூலன்ட் (எஞ்சினைக் குளிரவைக்கும் நீர்) சூடு அதிகபட்சம் முதல் தடவை 97 டிகிரி, இரண்டாம் தடவை 98. ஹைவேயில் 90 கி.மீ. வேகத்தில் இரண்டு தடவையும் 88, 89தான். வித்தியாசம் மலையேற்றத்தில் மெதுவாகப் போகும்போதுதான், அதுவும் ஒரு டிகிரி. என் வண்டிக்கு இது, எல்லா வண்டிக்கும் என்று சொல்லமாட்டேன். ஒரே மாதத்தில் இரண்டு தடவை ஏற்காடு எதற்கு என்று வீட்டில் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

ஏசி பட்டறை | ஜூன் 2

நல்ல வேலை தம்பி. வாட்டர் வாஷ் கடையில் ஜெட் கன்னைக் கிட்டே வைத்து அந்த வாய்க்குள் அடிக்க விடாதீர்கள், கல் மடக்காத ஃபின்னை அது மடக்கிவிடும். வீட்டில் ஹோஸ் தண்ணீர் போதும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை வலையில் ஒட்டிய பூச்சியைப் பழைய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

மாங்கனி | நவம்பர் 19

ஐந்தரை மாதம், சுமார் 20,000 கி.மீ. நேற்று பம்பரைக் கழற்றிப் பார்த்தேன். வலையில் இரண்டு இடத்தில் குழி, ஒன்று நன்றாகவே ஆழம், பக்கத்துக் கம்பி இரண்டு வளைந்திருக்கிறது. பின்னால் கண்டென்சரில் சேதம் இல்லை, நாலைந்து ஃபின் மட்டும் லேசாக மடங்கியிருக்கிறது, பொடிக் கல்லாக இருக்கும். கேபிள் டை மூன்று தளர்ந்திருந்தது, மாற்றிவிட்டேன். ஏசி குளிர்கிறது. கிருஷ்ணகிரி குவாரி ரோடு சேரும் இடத்தில் இப்போது பின்தங்கிப் போகிறேன், பத்து நிமிஷம் முன்னாலேயே கிளம்புகிறேன்.

நெல்லைக் காற்று | நவம்பர் 20

கயத்தாறு பக்கம் போன வாரம் முன் கண்ணாடியில் கல். மூலையிலிருந்து மூலைக்குக் கீறல். கண்ணாடிக்கு வலை போட முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம், எனக்கே தெரியும்.

மாங்கனி, அந்த 4 கண் வலையில் மிச்சம் ஏதாவது இருக்கிறதா? எனக்கு இல்லை. மச்சான் புது வண்டி எடுத்திருக்கிறான், வாய் அகலமாக இருக்கிறது.